வாதாம் இலையும் எதிர் வீட்டுக் கோலமும்

எங்கள் தெருவில் அந்த மரத்தைப் பற்றி இரண்டு கருத்து இருந்ததில்லை. வெட்ட வேண்டும் என்ற ஒரே கருத்துதான். வண்டியை அதன் நிழலில்தான் நிறுத்துவார்கள். செல்போனில் பேசிக்கொண்டு ஒரு மணி நேரம் அதன் கீழேதான் நிற்பார்கள். காய் விழுந்தால் பொறுக்கி, கருங்கல்லில் வைத்து உடைத்து, பருப்பைத் தின்றுவிட்டு ஓட்டை அங்கேயே போட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் ஒரு இலை விழுந்துவிட்டால் மட்டும் கொலைக் குற்றம் நடந்தது போல நின்று பார்ப்பார்கள்.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீடு மேற்குப் பார்த்த வீடு. மதியம் மூன்று மணிக்கு மேல் முன்னறையில் உட்கார்ந்தால் ஆள் வெந்துவிடுவான். வாசலில் இருந்த அந்த வாதாம் மரம்தான் எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஆலை மூடிப் பல வருஷம் ஆகியும் பஞ்சுத் தூசி அவர் நெஞ்சை விடவில்லை. ஏசி போட்டால் இருமல் வந்துவிடும். மின்விசிறிக் காற்றே ஆகாது. மூன்று மணிக்கு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனால் விளக்கு வைக்கிற வரைக்கும் அங்கேதான். அந்த நேரத்தில்தான் அவர் இருமாமல் மூச்சு விடுவார். ஆகவே மரம் எனக்கு அழகுக்காக வேண்டியிருக்கவில்லை. என் வீட்டுக்காரருடைய மூச்சுக்காக வேண்டியிருந்தது.

இதைத் தெருவில் யாரிடமும் நான் சொன்னதில்லை. சொல்லிப் புரிய வைக்கிற அளவுக்கு அவர்களை நான் மதிக்கவில்லை. நான் பெண்கள் பள்ளியில் முப்பது வருஷம் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். வகுப்பில் நாற்பது பேருக்கு ஒரு விஷயத்தைப் பத்துத் தடவை சொல்லிச் சொல்லித் தொண்டை போனது. வீட்டுக்கு வந்தும் அதையே செய்ய எனக்கு என்ன தலையெழுத்தா?

வாதாம் மரத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மார்கழி பாதியில் இலையெல்லாம் சிவக்கும். தை பிறப்பதற்குள் கொட்ட ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு இலையும் அப்பளத்தைவிடப் பெரியது. விழுகிற சத்தமே கேட்கும். எங்கள் தெருப் பெண்கள் வருஷத்தில் பதினோரு மாதம் வாசலில் நாலு இழுப்பு இழுத்துவிட்டுப் போகிறவர்கள். மார்கழி பிறந்தால் மட்டும் தெருவே தங்கள் அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கோலம் போடுவார்கள். மரம் இலையை உதிர்க்கவும் இவர்கள் கோலம் போடவும் ஒரே மாதம்.

இதில் முதல் ஆள் எதிர் வீட்டம்மா. என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். கடலூர் ரோட்டுப் பக்கம் ஒரு துணிக்கடையில் பாதி நாள் வேலை. கோலம் என்றால் அரிசி மாவில் புள்ளி வைத்துப் போடுவது என்று நினைத்துக்கொண்டிருந்த என்னை அவர்தான் திருத்தினார். கல் உப்பில் சாயத்தைப் பிசைந்து காய வைத்து, கலர் உப்பு என்று டப்பா டப்பாவாக வைத்திருப்பார். அதைத்தான் தெருவில் கொட்டுவார். எறும்புக்குக்கூட உதவாத கோலம். மயில் போடுகிறேன் என்று ஆரம்பிப்பார், முடியும்போது அது ஊதா நிறக் கோழியாக நிற்கும். நாலு வீட்டுப் பெண்கள் சுற்றி நின்று படம் எடுப்பார்கள். வார்டில் கோலப் போட்டி வைத்தபோது அந்தக் கோழிக்கு ஒரு எவர்சில்வர் குடம் பரிசாகக் கிடைத்தது. நடுவராக இருந்தவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை.

அந்த வருஷம் மார்கழியில் ஒரு நாள் காலை கோழியின் முகத்தில் சரியாக ஒரு இலை விழுந்தது. மறுநாள் எதிர் வீட்டம்மா ஒரு காகிதத்தோடு வந்தார்.

"டீச்சர், மேரிக்கு ஒரு மனு எழுதியிருக்கோம்" என்றார். நகராட்சியை இங்கே பழைய ஆட்கள் பிரெஞ்சுக்காரன் காலத்து வழக்கப்படி மேரி என்பார்கள். இவர் பழைய ஆளும் இல்லை, இருந்தாலும் அப்படித்தான் சொல்வார். "தெருவே கையெழுத்துப் போட்டாச்சி. நீங்க போடாட்டியும் குடுக்கத்தான் போறோம். மரம் உங்க வாசல்ல இருக்குதே, ஒரு மரியாதைக்குச் சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்."

"எதுக்கு வெட்டணும்?"

"எல கொட்டுதே டீச்சர்."

"மரம்னா எலதான் கொட்டும். பின்ன சோறா கொட்டும்?"

அவர் சிரித்தார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. எப்படிக் குத்தினாலும் அந்த அம்மாளுக்கு உறைக்காது. "அதுக்கில்ல டீச்சர், காவாய அடைக்குது, கொசு வருது. இத்தினி எலைய வெச்சிக்கினு இன்னா பண்றது, நீங்களே சொல்லுங்க" என்றார்.

"உரம் பண்ணலாம். பண்ணத் தெரியணும்" என்றேன்.

கோபத்தில் சொன்னதுதான். சொன்ன பிறகு விட முடியவில்லை. தெருவில் விழுகிற ஒவ்வொரு இலையையும் நானே எடுத்துக்கொள்கிறேன், ஆடி மாதம் வீட்டுக்கு ஒரு பை மக்கின இலை உரம் தருகிறேன், கடையில் விற்கிற எதுவும் அதன் கிட்டே நிற்காது, அதற்குப் பிறகும் மரம் வேண்டாம் என்றால் வெட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். எதிர் வீட்டம்மா காகிதத்தை மடித்தார். "சரி டீச்சர், ஆடி வரைக்கும் மனு பீரோவுல கெடக்கட்டும்" என்றார். இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிறாரே, யோசிக்கிற பழக்கமே கிடையாதா என்று அப்போதும் இளப்பமாகத்தான் நினைத்தேன்.

இலையை மக்க வைப்பதில் ஒரு வித்தையும் இல்லை. நனைக்க வேண்டும், மிதிக்க வேண்டும், மூட வேண்டும், பிறகு கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதுதான் நம் ஜனங்களுக்கு வராது. மாடித் தோட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் என்னைச் சேர்த்திருந்தார்கள். அங்கே கேட்டுப் பார்த்தேன். வெல்லம் கரைத்து ஊற்றுங்கள் என்றார் ஒருவர். புளித்த மோர், இளநீர், பழைய சாதம், மூன்று நாள் ஊறிய வாழைப்பழத் தோல் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பதினைந்து நாளில் மக்கிவிடும் என்று ஒருவர் படம் போட்டார். அது மக்கவில்லை, அழுகியிருந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத கூட்டம் என்று குழுவிலிருந்து வெளியே வந்தேன்.

வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் மோட்டார் வருவதற்கு முன்னால் தண்ணீர் பிடித்து வைத்த சிமெண்டுத் தொட்டி ஒன்று சும்மா கிடந்தது. அடியில் இருந்த ஓட்டையைத் துணி திணித்து சிமெண்டு பூசி அடைத்தேன். வாதாம் இலை தோல் மாதிரி தடிப்பு, ஈரம் வடிந்துவிட்டால் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஊற்றுகிற தண்ணீர் ஒரு சொட்டுகூட வீணாகக்கூடாது என்பது என் கணக்கு. அடைத்து முடித்து எழுந்தபோது எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

காலையில் வாசல் கூட்டுகிற பெண்கள் இலையைக் கொண்டுவந்து தர ஆரம்பித்தார்கள். இலை மட்டும் வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவர்கள் அகராதியில் இலை என்றால் ஷாம்பூ கவர், பால் கவர், பிஸ்கட் காகிதம், குழந்தையின் ஒற்றைச் செருப்பு எல்லாம் அடக்கம் போலிருந்தது. தினமும் காலை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பொறுக்கி எறிந்தேன். நாலாம் நாள் சொல்வதை நிறுத்திவிட்டேன். தரட்டும், நானே பிரித்துக்கொள்கிறேன், இவர்களிடம் வாயைக் கொடுப்பதைவிட அது மேல் என்று தோன்றியது.

தை பிறக்க நாலைந்து நாள் இருந்தபோது எதிர் வீட்டம்மா ஒரு கோணிப்பையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். நான் தொட்டியின் ஓரம் குனிந்து பிளாஸ்டிக் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், இதுல கலர் உப்பு நெறைய கலந்து கெடக்குது. கோலத்த அப்பிடியே கூட்டி வாரிட்டேன். பரவால்லியா, இல்ல சலிச்சிட்டுத் தரட்டா?"

"எல்லாம் மக்கிப் போயிடும். கொட்டிட்டுப் போங்க" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் போகவில்லை. "இல்ல, உப்பாச்சேன்னுதான் கேக்கறேன்."

"நான் முப்பது வருஷம் இந்தப் பாடம் நடத்துனவ. கொட்டுங்க."

கொட்டிவிட்டுப் போனார். போனவர் சும்மா இருக்காமல், டீச்சர் எதையும் பிரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று மற்ற வீடுகளிலும் சொல்லியிருக்கிறார். பொங்கலுக்கு ஏழு வீட்டு வாசலில் போட்ட கரும்பும் பானையும் சூரியனும் கரிநாளுக்கு மறுநாள் சருகோடு சேர்ந்து என் தொட்டிக்கு வந்தன. பச்சையும் சிவப்புமாகக் கிடந்ததைப் பார்த்து, ரசனையைப் பார் என்று நினைத்தேனே தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

மாசி, பங்குனி, சித்திரை. வாரத்தில் இரண்டு நாள் கையால் தண்ணீர் தெளித்தேன். மாதம் ஒரு தடவை கடப்பாரையால் கிளறினேன். இலை கறுத்தது, நொறுங்கியது, தொட்டியில் பாதிக்கு இறங்கியது. சுவரோரம் வெள்ளையாகப் பூத்திருந்தது. பூஞ்சை பிடித்துவிட்டது, வேலை நடக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

என் வீட்டுக்காரர் தவளக்குப்பத்துக்கு அந்தப் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். ஒரு நாள் நாற்காலியோடு சந்துக்கு வந்து எட்டிப் பார்த்தார். "ஏம்மா, இத்தினி மாசமாச்சி, ஒரு புழுவையும் காணமே" என்றார்.

"சாணி இருந்தாத்தான் புழு வரும். மில்லுல நூல் ஓட்டினவருக்கு இதெல்லாம் இன்னா தெரியும்?" என்றேன்.

அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டார். மரம் அதற்குள் புதுத் தளிர் விட்டுக் குடை மாதிரி விரிந்திருந்தது.

ஆடி முதல் வாரம் உரத்தை மணல் சல்லடையில் சலித்தேன். காப்பித்தூள் மாதிரி விழுந்தது. ஏழு வீட்டுக்கும் பையில் கட்டி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுக்கும்போது ஒவ்வொரு வாசலிலும் ஐந்து நிமிஷம் பாடம் நடத்தினேன். எதிர் வீட்டம்மா கையில் அள்ளி முகர்ந்து பார்த்தார். "மழ பேஞ்ச வாசன வருது டீச்சர்" என்று அவர் சொன்னபோது முகமெல்லாம் மலர்ந்திருந்தது. அன்றைக்கே தன் துளசியைப் புதுத் தொட்டிக்கு மாற்றி நட்டார். "இது துளிர் உடட்டும் டீச்சர், மனுவ நானே உங்க எதிர்ல கிழிச்சிப் போடறேன்" என்றார். மற்ற வீடுகளில் கொத்தமல்லி, மிளகாய், ரோஜா. தெருவே செடி வைத்தது. கடைசியில் இவர்களுக்கும் புத்தி வந்துவிட்டது, என்னால் வந்தது என்று இரண்டு நாள் தலை கால் புரியாமல் நடந்தேன்.

பத்து நாளில் துளசியின் நுனி கருகியது. தண்ணீர் அதிகமாக ஊற்றியிருப்பீர்கள் என்று எதிர் வீட்டம்மாளிடம் சொன்னேன். பக்கத்து வீட்டில் கொத்தமல்லி முளைக்கவே இல்லை. தண்ணீர் போதவில்லை என்று அவர்களிடம் சொன்னேன். ரோஜா இலையைக் கொட்டியபோது வெயில் படாத இடம் என்றேன், மிளகாய் வாடியபோது வெயில் அதிகம் என்றேன். ஒரு நாற்றைப் பிழைக்க வைக்கத் தெரியாதவர்கள் என்று வீட்டுக்கு வந்து திட்டித் தீர்த்தேன். பிறகு என் வீட்டு மாடியில், நானே அளந்து தண்ணீர் ஊற்றிய பன்னிரண்டு கத்தரி நாற்றும் ஒரே நாளில் தலையைத் தொங்கப் போட்டன.

சந்துக்குப் போய்க் காலித் தொட்டியைப் பார்த்தேன். சுவரோரத்து வெள்ளை காய்ந்து பொருக்காக நின்றது. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன்.

உப்பு.

உப்பு கரையும், மக்காது. ஆறாம் வகுப்புப் பாடம் அது. கரும்பலகையில் இரண்டு பட்டியல் போட்டு, மக்குவது எது, மக்காதது எது என்று பிள்ளைகளை எழுப்பிக் கேட்டிருக்கிறேன். தப்பாகச் சொன்னவர்களை நிற்க வைத்திருக்கிறேன். தொட்டியின் அடியில் ஓட்டை இருந்திருந்தாலாவது தண்ணீரோடு வெளியே போயிருக்கும். அதையும் அடைத்தவள் நான். அந்த நேரத்திலும் எனக்கு முதலில் வந்த நினைப்பு, இது யாருக்கும் தெரியக்கூடாது என்பதுதான்.

ஆடி மூன்றாம் வெள்ளி. கோயிலில் கூழ் வாங்கிக்கொண்டு திரும்பிய பெண்கள் ஐந்தாறு பேர் என் வாசலில் நின்றார்கள். எதிர் வீட்டம்மாதான் பேசினார். கோபமாக வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் குரலைத் தணித்துக்கொண்டு பேசினார்.

"துளசி பட்டுப் போச்சி டீச்சர். வீட்டுல துளசி கருகுனா மனசு ஒரு மாதிரியா ஆயிடுது. நாங்க எதுனா தப்பா போட்டுட்டோமா? நாங்க படிக்காத ஜனம், எதையாச்சும் போட்டுக் கெடுத்திருப்போம். நீங்க சொன்னா சரின்னு உட்டுடறோம். இல்ல, அந்த மரத்து எலையே ஆவாதா?"

என் வீட்டுக்காரர் மரத்தடியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்ல வேண்டியிருந்தது இவ்வளவுதான்: உப்பு கலந்துவிட்டது, கொட்டச் சொன்னது நான், மரத்தின் மேல் குற்றமில்லை, அடுத்த வருஷம் சரியாகச் செய்வோம். அவர்கள் ஒப்புக்கொண்டிருப்பார்கள். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டிருப்பார்கள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஊதாக் கோழி போடுகிறவர், உப்பாச்சே என்று என்னிடம் கேட்டவர், அவர் சரி, நான் தப்பு என்று ஐந்தாறு பேர் எதிரில் என் வாயால் எப்படிச் சொல்வேன்?

"சில மரத்து எலைக்கு அந்தக் கொணம் உண்டு. மத்த செடிய வளர உடாது" என்றேன். வகுப்பில் பேசுகிற குரல் தானாக வந்தது.

டீச்சர் சொன்னதால் நம்பினார்கள். ஒருவர்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. அடுத்த வாரம் மனு போனது. ஆவணியில் ஆட்கள் வந்தார்கள். ரம்பம் வைத்துக் காலையில் ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டார்கள். அடிமரம் விழுந்தபோது என் வீட்டுக்காரர் உள்ளே எழுந்து போய்விட்டார். எதிர் வீட்டம்மா எனக்கு ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். "உங்களுக்குத்தான் கஷ்டம் டீச்சர். உங்க மனசு எனக்குத் தெரியும். அப்பிடி இருந்தும் தெருவுக்காக உண்மையச் சொன்னீங்க பாருங்க" என்றார். நான் அந்தக் காப்பியைக் குடித்தேன்.

அன்று மூன்று மணிக்கு வெயில் நேராக முன்னறைக்குள் வந்து உட்கார்ந்தது. என் வீட்டுக்காரர் நாற்காலியை வாசலில் போட்டார், எடுத்தார், சந்தில் போட்டார், அங்கே காற்று இல்லை, இரும ஆரம்பித்தார். எதிர் வீட்டம்மா பார்த்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். குறுக்கே வந்து அவர் கையிலிருந்து நாற்காலியை வாங்கிக்கொண்டு போய்த் தன் வாசலில் போட்டார். அந்த வீடு கிழக்குப் பார்த்தது, மதியத்துக்கு மேல் அதன் வாசலில் வீட்டு நிழல் விழும். "அண்ணே, இங்க ஒக்காருங்க. யாரு இன்னா சொல்லப் போறாங்க" என்றார்.

இப்போது தினமும் அங்கேதான். எதிர் வீட்டம்மா தனக்குக் காப்பி போடும்போது அண்ணனுக்கும் உண்டு. என் வீட்டுக்காரர் அங்கே கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விடுகிறார், பேசுகிறார். என்னோடு பேசியதைவிட அதிகமாகப் பேசுகிறார். ஒரு நாள் இரவு சாப்பிடும்போது, "நல்ல பொம்பள, நாமதான் இத்தினி வருஷமாப் பழவாம இருந்துட்டோம்" என்றார். உண்மையில் ஏன் மரம் போனது என்று அவரிடமும் நான் சொல்லவில்லை.

"நீங்களும் வாங்க டீச்சர், நல்ல நெழலா இருக்குது" என்று அந்த அம்மாள் தினமும் கூப்பிடுகிறார். வேலை இருக்கிறது என்று சொல்லி முன்னறை ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன். சாத்திய பிறகும் அவர்கள் பேசுவது கேட்கும். நான் ஜன்னலோரம் நின்று காது கொடுத்துக் கேட்பேன், ஒரு தடவையாவது என்னைக் குறை சொல்ல மாட்டார்களா என்று. இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.